ஆளறிந்து அமைத்த அரண்

கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவர் பெயர் ஊர்ப்பேச்சாகின்றது. கோல் விழாமற் காத்தவர் பெயரோ மறுநாளே மறக்கப்படுகின்றது. மதில் காக்கும் மறவர் செயலுக்கு நொச்சி என்னும் திணைப்பெயர் தந்த மொழிக்குரிய நாம் அங்ஙனம் மறத்தல் முறையன்று. காப்பு முறையை முன்னரே வகுத்துக்கொண்டு அதற்கேற்ற ஆளைத் தேடுவதா, இருக்கும் ஆளின் ஆற்றலறிந்து காப்பு முறையை வகுப்பதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

காப்பு முறை அடிப்படையில் இருவகைத்து. எதிரணியில் இன்னாரை இன்னார் தொடர்வது என வரையறுப்பது ஒன்று. இதனை ஆட்காவல் எனலாம். ஆளை விடுத்து அவரவர்க்குரிய இடத்தைக் காத்து, பந்து நகர நகர அனைவரும் ஒருசேர நகர்வது மற்றொன்று. இதனை இடக்காவல் எனலாம். முன்னதற்கு விரைவும் விடாப்பிடியும் வேண்டும். பின்னதற்கு ஆட்டத்தின் போக்கை முன்னுணரும் அறிவும், பக்கத்தில் நிற்பவரோடு ஒத்தியங்கும் நெடும்பழக்கமும் வேண்டும்.

1960 முதல் 1968 வரை இத்தாலியின் இண்டர் மிலான் அணிக்குப் பயிற்றுநராயிருந்த எலனியோ எரேரா முதல்வகையைச் சார்ந்தவர். அவர் கையாண்ட முறைக்குக் 'கத்தெனாச்சோ' என்று பெயர்; தாழ்ப்பாள் என்பது பொருள். வலப்புறக் காவலராயிருந்த பிக்கியை எல்லோர்க்கும் பின்னே நிறுத்தி, முன்னுள்ளோர் தவறவிடும் பந்தைத் தடுக்கும் பணியை அவருக்குத் தந்தார். தாழ்ப்பாள் என்றவுடன் பதினொருவரும் கோல்முன் பதுங்குவதாகப் பலர் எண்ணுவர். அஃது அறியாமை. இடப்புறக் காவலரான ஃபக்கெட்டி நெடியவர், விரைவு மிக்கவர், இளமையில் முன்வரிசையில் ஆடியவர். அவரைப் பின்னே கட்டிப்போடாமல் முன்னோக்கி ஓட விட்டார் எரேரா. வலப்புறத்தில் புர்னிச் பின்தங்கிக் காத்தார். 1965-66ஆம் ஆண்டு இத்தாலியக் கூட்டிணைவுப் போட்டிகளில் அக்காவலர் அடித்த கோல்கள் 10! ஐரோப்பியக் கோப்பை 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் இண்டருக்கே கிடைத்தது. 1967இல் லிஸ்பனில் நடந்த இறுதியாட்டத்திலோ, பந்தை முன்னனுப்பும் சுவாரெஸ் காயத்தால் ஆடவில்லை. முதற்கோலை அடித்தும் இண்டர் 1-2 எனச் செல்டிக்கிடம் தோற்றது.

அதே மிலான் நகரின் மற்றோர் அணியான ஏ.சி. மிலானுக்கு 1987இல் அரிகோ சாக்கி வந்தார். அங்கு அவர் கண்ட பரேசி அத்துணை உயரமானவர் அல்லர். ஆளோடு ஆள் மோதும் முறையில் நெடிய முன்னணியினர் அவரை எளிதில் வென்றிருக்கக்கூடும். ஆனால் பந்து எங்கு வரும் என்பதை அது புறப்படுமுன்னரே உணரும் கண் அவருக்கிருந்தது. பயிற்றுநர் லீட்ஹோமின் காலத்திலேயே அவ்வணி இடக்காவலில் பழகியிருந்தது. சாக்கி அதனை வளர்த்து, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடைவெளி 25 மீட்டர் அளவே இருக்குமாறு நெருக்கினார். பரேசி முன்னேற, காவல்வரிசை ஒரே கோடாய் முன்னேறும்; எதிரணியினர் ஆஃப்சைடில் சிக்குவர். 1987-88இல் 30 ஆட்டங்களில் அவ்வணி வாங்கிய கோல்கள் 14 மட்டுமே.

இவ்வெற்றியைத் தொலைக்காட்சியில் கண்டு, அம்முறையை அப்படியே மாணவர் அணிமேற் போர்த்தும் பயிற்றுநர்கள் உளர். திரும்பி ஓட இயலாத ஒரு மாணவனை முன்கோட்டில் நிறுத்துவர். அவனுக்குப் பின்னே இருமுறை பந்து சென்றதும், "இவன் உதவான்" என ஒதுக்கிவிடுவர். அவனைக் கோலருகே நிறுத்தியிருந்தால் உயர வரும் பந்தையெல்லாம் தலையால் தடுத்திருப்பானோ என்னவோ! ஒதுக்கப்பட்டவன் மீண்டும் பந்தைத் தொடுவதில்லை.

சாக்கியே இத்தாலிய நாட்டணிக்குச் சென்றபோது, நாள்தோறும் ஒருங்கே பழகும் வாய்ப்பு அங்கில்லை என்பதை நினைக்க வேண்டும். எனவேதான் 1994 உலகக் கோப்பையில் மிலான் காவலர்களையே அவர் பெரிதும் நம்பினார் எனக் கருதுகின்றோம். இரண்டாம் ஆட்டத்தில் முழங்காலில் காயமுற்று அறுவைச் சிகிச்சை பெற்ற பரேசி, இறுதியாட்டத்திற்குத் திரும்பினார். 120 நிமிடம் பிரேசில் கோல் காணவில்லை. உலகம் நினைவிற் கொண்டதோ, பின்னர் அவர் தவறவிட்ட பெனால்ட்டியை!

ஆட்காவல் பழங்கதையாயிற்று எனப் பலரும் கருதிய காலத்தில், 2004இல் கிரேக்க அணி ஐரோப்பியப் போட்டிக்கு வந்தது. ஜெர்மானியப் பயிற்றுநர் ஓட்டோ ரேஹாகல் தம் ஆட்களை அளந்தறிந்தவர். நெடிய டெல்லாஸைப் பின்னே நிறுத்தினார். அரையிறுதியில் செக் அணியின் 2.02 மீட்டர் உயரமுள்ள கொல்லரைக் கப்ஸிஸும், விரைந்தோடும் பாரோஷைச் செய்டாரிடிஸும் நிழலாய்த் தொடர்ந்தனர். 5 கோல்களுடன் அப்போட்டித் தொடரில் முதலிடம் பெற்ற பாரோஷ் அன்று ஒன்றும் அடிக்கவில்லை. காவலர் டெல்லாஸே கார்னர் பந்தைத் தலையால் முட்டி வெற்றிக்கோலை அடித்தார். பிரான்ஸ், செக், போர்ச்சுகல் மூன்றும் 1-0 என்றே வீழ்ந்தன. சுவையற்ற ஆட்டம் என்று இகழ்ந்தோர் பலர். அவ்வாட்களைக் கொண்டு சாக்கியின் கோட்டை அமைத்திருந்தால் காலிறுதியே கண்டிருப்பார்களா என்பது ஐயமே.

இரண்டே மாதங்களில், 2004 செப்டம்பரில், அதே கிரேக்க அணி அல்பேனியாவிடம் 1-2 எனத் தோற்றது. 2006 உலகக் கோப்பைக்கும் அது தகுதி பெறவில்லை. கோப்பை வென்றவர்களை எதிர்த்து முன்னேறித் தாக்க எவரும் விரும்பவில்லை. பந்தை அவர்களிடமே விட்டுக் காத்திருந்தனர். அதனை வைத்துக்கொண்டு என்செய்வது என்பதற்கு அவ்வாட்களிடம் விடையில்லை.