கத்தி படும் முன் சொல்ல வேண்டியவை
முத்துக்கரை மருத்துவம் – 11

ஆபரேஷனுக்கு நாள் குறித்தானதும் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து ஃபிட்னெஸ் வாங்க வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனாலும், ஊருக்குள் இருக்கும் தனியார் மருத்துவமனை ஆனாலும் அவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" நம் கரையில் அதற்கு வழக்கமாக வரும் பதில்: "மருந்தெல்லாம் ஒண்ணும் திங்கதில்ல சார்."

சொல்பவர் பொய் சொல்லவில்லை. நெஞ்செரிச்சலுக்கு நெய்யில் குழைத்துச் சாப்பிடும் சங்கு பற்பம், தொண்டைக் கமறலுக்கு வாயில் அடக்கும் அதிமதுரம், கப்பலுக்குப் போன மகன் வாங்கி வந்த மீன் எண்ணெய் கேப்சூல், முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை – இவற்றையெல்லாம் அவர் மருந்தாக நினைப்பதே இல்லை. மயக்க மருந்து கொடுப்பவருக்கோ இவை ஒவ்வொன்றும் கணக்கில் வந்தாக வேண்டும்.

வலி மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். இந்த மாவட்டத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அதுதான். கோடை முழுவதும் உப்பளத்தில் வாருபலகை இழுப்பவர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களும், தெரேஸ்புரத்தில் வலை இழுப்பவர்களும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் போன்ற மாத்திரைகளின் தயவில்தான் மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை இந்த மாத்திரைகள் தற்காலிகமாக மந்தமாக்கும். ஆஸ்பிரின் செய்வது அதைவிட அதிகம். அது தொட்ட தட்டணு தன் ஆயுள் முடியும்வரை தேறாது. புதிய தட்டணுக்கள் அந்த இடத்தை நிரப்ப ஏழு முதல் பத்து நாள் ஆகும். இந்த மாத்திரைகள் வேலை செய்யும் விதத்தை 1971-இல் கண்டு சொன்னவர் ஜான் வேன். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தக்கசிவோடு விஷயம் முடிவதில்லை. வெயிலில் நீர் வற்றிய உடம்பு, கூடவே வலி மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான். இந்த மூன்றும் சேர்ந்தாலே சிறுநீரகம் திணறும். அதன்மேல் ஆபரேஷனில் அழுத்தம் இறங்கினால் சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். உடம்புவலிக்கென்று காகிதத்தில் மடித்துத் தரும் நாலைந்து மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்தால் ஆபத்து வேறு திசையிலிருந்து வரும். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். ஆபரேஷனுக்காக அதைத் திடீரென நிறுத்தினால் மேசையிலேயே ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். பெயர் தெரியாத மாத்திரை என்றால் அந்தக் காகிதப் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆபரேஷனுக்கு முன்னால ரத்தத்தை இளக்கிற மாத்திரைய நிறுத்தணுமாம்" என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தன்னிஷ்டத்துக்கு விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். ஸ்டென்ட் வைத்து ஆறு மாதமாவது ஆகும்வரை, அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிப்போடவே டாக்டர்கள் விரும்புவார்கள். தள்ளிப்போட முடியாதபோது இதய டாக்டரும் அறுவை டாக்டரும் கலந்து பேசி, குளோபிடோக்ரெலை ஐந்து நாள் நிறுத்தி ஆஸ்பிரினைத் தொடர்வது போன்ற ஒரு வழி சொல்வார்கள். செயற்கை வால்வு வைத்து அசிட்ரோம் என்ற ரத்த இளக்கி சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அவர்களுக்கு ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்த்து, தேவையானால் ஹெபாரின் ஊசிக்கு மாற்றித்தான் மாத்திரையை நிறுத்துவார்கள். ஸ்டென்ட்டோ வால்வோ இல்லாமல், வெறும் தற்காப்புக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் கதை வேறு. பத்தாயிரம் பேரை வைத்து நடந்து 2014-இல் வெளியான 'பாய்ஸ்-2' ஆய்வில், ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பிரின் கொடுத்தது மாரடைப்பைக் குறைக்கவில்லை. பெரிய ரத்தக்கசிவைத்தான் கூட்டியது.

தைராய்டு, வலிப்பு மாத்திரைகளையும், இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோபுரோலால் வகை மாத்திரைகளையும் பொதுவாக ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைத் தனியாகக் கவனியுங்கள். 2020-இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் அது நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் சகஜமாகிவிட்டது. பட்டினி கிடந்து ஆபரேஷனுக்குப் போகும்போது இது உடம்பில் இருந்தால் கீட்டோன் அமிலம் ஏறும். ரத்தச் சர்க்கரையோ ஏறக்குறைய சரியாகவே காட்டும். அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு எல்லாம் ஆபரேஷனால் வந்தவை போலவே தோன்றும். மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அறிவித்தது. அந்த நாட்களில் சர்க்கரைக்கு வேறு என்ன செய்வதென்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள் அட்டையைக் கிழித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். "வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எந்த டாக்டராலும் எதையும் ஊகிக்க முடியாது.

இனி நாட்டு மருந்து. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் வட்டாரம் இது. சித்த மருந்தை நம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதால்தான் ஆபத்து. அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் குறைந்த இதயம் மயக்கத்தின்போது தாளம் தப்பலாம். அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும் என்பதால் மயக்க மருந்தோடு சேர்ந்து வேலை செய்யக்கூடும். குழம்பில் விழும் பூண்டும் மஞ்சளும் பிரச்சினை இல்லை. கேப்சூலில் அடைத்த பூண்டுச் சாறு, குர்க்குமின், ஜின்செங், ஜின்கோ, வைட்டமின் ஈ ஆகியவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

மீன் எண்ணெய்க்கு மட்டும் பழைய பயம் இப்போது தளர்ந்திருக்கிறது. இதய அறுவை செய்துகொண்ட 1,516 பேரிடம் நடந்த 'ஓபரா' ஆய்வின் 2018 அலசலில், மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு கூடவில்லை. ஆனாலும் பல அறுவை டாக்டர்கள் நிறுத்தத்தான் சொல்கிறார்கள். உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். சாளை மீன் சாப்பிடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்தபின் பற்பங்களின் முறை வருகிறது. இந்தக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனாலும் நாட்டு மருந்துக் கடையில் முத்து பற்பமும் சங்கு பற்பமும் இன்றும் கிடைக்கின்றன. "எலும்பு சீக்கிரம் கூடும், புண் ஆறும்" என்று பெரியவர்கள் அன்போடு கொடுப்பார்கள். முத்து, சங்கு, பவழம் மூன்றும் பெரும்பாலும் கால்சியம்தான். வயிற்றில் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை இந்தக் கால்சியம் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராது, சீழ் அடங்காது. சிப்ரோஃப்ளாக்சசினை கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். தைராய்டு சுரப்பியை எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பலருக்கு டாக்டரே தைராக்சினும் கால்சியமும் எழுதித் தருவார். தைராக்சினை விடிந்ததும் வெறும் வயிற்றில் விழுங்குங்கள். கால்சியமோ பற்பமோ எதுவானாலும் நான்கு மணி நேரம் கழித்துத்தான்.

வலிக்கு பாராசிட்டமால் எழுதியிருந்தால் அதோடு நிற்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஜலதோஷ மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டும் சேர்ந்து நாளுக்கு நான்கு கிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடும். பழைய டைக்ளோஃபெனாக்கை டாக்டரைக் கேட்காமல் திரும்பத் தொடங்காதீர்கள். நிறுத்திய ரத்த இளக்கி மாத்திரையை எந்தத் தேதியில் மறுபடி ஆரம்பிப்பது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்டிருந்தால், வார்டை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு எழுத வையுங்கள்.

(அடுத்த வாரம்: சங்கு குளிப்பவர்களின் காதுகள்)