மாமல்லபுரத்து விருந்தாளிகளும் நமது ஜனங்களும்

மாமல்லபுரத்துக் கற்களைக் காண வராத பெரிய மனிதர்கள் உலகத்தில் குறைவு. ஆயினும், சீன தேசத்து அதிகார பீடத்தில் வீற்றிருந்த இருவர், ஏறக்குறைய அறுபத்து மூன்று வருஷ இடைவெளியில் இந்தக் கடற்கரைக்கு வந்து சென்றதை வெறும் ஸ்தல யாத்திரையாக நாம் கொள்வதற்கில்லை. 1956-ம் வருஷம் டிசம்பரில் பிரதம மந்திரி சூ என்லாய் வந்தார். 2019-ம் வருஷம் அக்டோபரில் ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்தார். இருவரையும் வரவேற்றவர்கள் நம் நாட்டவர்களே. இரண்டு வரவேற்புகளுக்கும் பின்னால் நடந்ததைத் தீர்மானித்ததில் பெரும் பங்கு வகித்ததும் நம் நாட்டவர்களின் மனோபாவமே. தேசங்களின் உறவு ராஜதந்திரிகள் மூடிய கதவுக்குள் பேசி முடிக்கும் காரியம் என்று நினைப்பவர்கள், இந்தக் கடற்கரையின் சமீப கால சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்.

பல்லவர் காலத்தில் அது மூடிய கதவுக்குள் முடிந்த காரியந்தான். கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் 720-ம் வருஷத்தில் சீனச் சக்கரவர்த்திக்குத் தூது அனுப்பினான். அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப் படையையும் குதிரைப் படையையும் ஈடுபடுத்த அநுமதி கேட்டான் என்று சீன நாட்டு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தூது அனுப்புவது அரசன் இஷ்டம். காஞ்சி நகரத்து நெசவாளரிடமோ மல்லைத் துறைமுகத்துப் பரதவரிடமோ அதற்காக வாக்குக் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. இன்று நிலைமை வேறு.

சூ என்லாய் வந்த காலத்தை நினைத்துப் பார்ப்போம். 1954-ல் பஞ்சசீல ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. இந்தியரும் சீனரும் சகோதரர்கள் என்ற கோஷம் தேசமெங்கும் ஒலித்தது. மாமல்லபுரத்துக்கு அருகேயுள்ள குழிப்பாந்தண்டலம் என்னும் சிற்றூருக்குக்கூட அந்த விருந்தாளி சென்றார். தாய் சேய் நல நிலையம் ஒன்றுக்கான விழாவில் கலந்துகொண்டார். கிராமத்து ஜனங்கள் கூடி நின்று உபசரித்தார்கள். அந்த உபசரிப்பு போலியானதன்று. ஆசியா முழுவதும் விடுதலை பெற்று எழுகிறது என்ற பெருமிதம் அன்றைக்குப் படித்தவர், படிக்காதவர் எல்லாரிடமும் இருந்தது. பிரதம மந்திரி நேருவின் சிநேகக் கொள்கைக்கு அந்தப் பெருமிதந்தான் பலம்.

அதே பெருமிதம் ஐந்தாறு வருஷங்களில் கோபமாக மாறியது. மாறியதற்குக் காரணம் சீனத்தின் செய்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் சர்க்காரின் மௌனமும் ஒரு காரணம் என்பது நமது அபிப்பிராயம். லடாக்கின் அக்ஸாய் சின் பாலைவனத்தின் வழியாகச் சீனர் போட்ட ரஸ்தா 1957-லேயே முடிந்துவிட்டது. 1958 அக்டோபரில் சர்க்கார் ஆட்சேபக் கடிதம் அனுப்பினார்கள். பார்லிமெண்டுக்கோ ஜனங்களுக்கோ ஒன்றும் சொல்லவில்லை. பேசித் தீர்க்கலாம், வீணாக ஆத்திரத்தைக் கிளப்புவானேன் என்று நேரு எண்ணியிருக்கலாம், நல்ல எண்ணந்தான். 1959 மார்ச்சில் தலாய் லாமா நம் எல்லைக்குள் அடைக்கலம் புகுந்தார். ஆகஸ்டில் லோங்ஜூவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்பொழுதுதான் ரஸ்தா விஷயம் பார்லிமெண்டில் வெளிவந்தது. மறைத்து வைத்த கடன் பத்திரத்தைப் பிள்ளைகள் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வீட்டில் என்ன நடக்குமோ, அது தேசத்தில் நடந்தது.

செப்டம்பரில் இரு சர்க்கார்களின் கடிதப் போக்குவரத்து முழுவதையும் வெள்ளை அறிக்கையாக நேரு வெளியிட்டார். இனி ஒளிவு மறைவு இல்லை என்று ஜனங்களுக்குக் காட்டியது சரியே. ஆனால் அதோடு, தாம் சற்று விட்டுக்கொடுத்துப் பேசுவதற்கு இருந்த இடத்தையும் அவர் தாமே அடைத்துக்கொண்டார். அக்டோபர் 21-ம் தேதி லடாக்கின் கொங்கா கணவாயருகே இந்தியப் போலீஸார் சீனரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த நாளைத்தான் இன்றும் காவலர் வீரவணக்க நாளாக நம் ஊர்ப் போலீஸ் மைதானங்களில் அநுஷ்டிக்கிறார்கள்.

1960 ஏப்ரலில் சூ என்லாய் மறுபடியும் டில்லிக்கு வந்தபோது, 1956-ல் கண்ட இந்தியாவை அவர் காணவில்லை. ஓர் அங்குல நிலமும் கொடுக்கலாகாது என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. கிழக்கே நம் எல்லையை ஏற்றுக்கொள்வதாகவும், மேற்கே அக்ஸாய் சின்னைத் தமக்கு விட்டுவிடும்படியும் சூ என்லாய் குறிப்பாகக் கேட்டார் என்று சரித்திராசிரியர் பலர் கொள்கின்றனர். நேரு சம்மதிக்க விரும்பியிருந்தாலும் முடிந்திராது. அதற்கு முந்திய மாதந்தான், பெருபாரி வழக்கில், இந்திய மண்ணைப் பிற தேசத்துக்குக் கொடுப்பதானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அபிப்பிராயம் தெரிவித்திருந்தது. ஜனங்களின் கோபம் ஒரு புறம், சட்டம் மற்றொரு புறம்.

1962 அக்டோபர் 20-ல் யுத்தம் மூண்டது. நம் சிப்பாய்கள் பருத்திச் சட்டையுடன் பனிமலையில் நின்றார்கள் என்ற செய்தி வீடுகளுக்கு எட்டியபோது ஏற்பட்ட கொதிப்பைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தேசமெங்கும் பெண்கள் வளையல்களைக் கழற்றித் தேசப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் மீது சீற்றம் முழுவதும் திரும்பியது. நேருவுக்கு அவரைக் கைவிட மனமில்லை. அக்டோபர் முடிவில் இலாகாவை மட்டும் மாற்றிப் பார்த்தார். காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே அது எடுபடவில்லை. நவம்பர் 7-ல் மேனன் மந்திரிசபையை விட்டே விலக நேர்ந்தது. மறு வருஷம் நடந்த இடைத் தேர்தல்களில் கிருபளானி, லோகியா, மஸானி மூவரும் காங்கிரஸை வென்று லோக் சபைக்கு வந்தார்கள். 1963 ஆகஸ்டில் லோக் சபை கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கிருபளானி கொண்டுவந்தார். 62-க்கு 347 என்று அது தோற்றது. ஆனால் நேருவின் மீது அப்படி ஒரு தீர்மானம் வரும் என்று 1956-ல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். காங்கிரஸின் செல்வாக்கைத் தூக்கி நிறுத்தக் காமராஜர் திட்டம் பிறந்ததும், அவரே முதல் மந்திரிப் பதவியைத் துறந்து மறு வருஷம் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானதும் அந்தச் சமயத்திலேதான். நேருவுக்குப் பின் யார் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் ஒரு தமிழர் அமர்ந்ததற்கு, இமயமலையில் பட்ட அடியும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

நமது பிரதேசத்துக்கே உரிய மற்றொரு விளைவையும் இங்கே சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. 1962 தேர்தலில் அங்கே தோற்ற அண்ணாதுரை, ராஜ்ய சபைக்குச் சென்று, மே மாதத்தில் தம் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். ஆறு மாதம் கழியவில்லை. சீனப் படையெடுப்பு வந்தது. யுத்த முயற்சிக்குத் தி.மு.க. முழு ஆதரவு தரும் என்று அவர் அறிவித்தார். பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கும் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த 1963-ல் கட்சி அந்தக் கோரிக்கையையே கைவிட்டது. சட்டத்துக்குப் பயந்து என்று சிலர் சொல்வார்கள். நாம் அதை மட்டும் காரணமாகக் கொள்ளமாட்டோம். வளையல் கழற்றிக் கொடுத்தவர்களின் முன்னால் நின்று பிரிவினை பேச முடியாது என்பதை அந்தக் காஞ்சிபுரத்துக்காரர் யாரையும்விட நன்றாக அறிந்திருந்தார்.

வடக்கெல்லைப் பிரச்னையில் தமிழ்நாடு பத்தோடு பதினொன்றாக நின்றது. தெற்கே, கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையின் விஷயத்திலோ தமிழ்நாட்டு அபிப்பிராயமே இந்தியாவின் கொள்கையை இழுத்துச் சென்றது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்கள் கொல்லப்பட்டபோது, இங்கே கடைகள் அடைக்கப்பட்டன, ரயில்கள் நின்றன. இந்திரா காந்தி உடனே நரசிம்மராவைக் கொழும்புக்கு அனுப்பினார், பிறகு ஜி. பார்த்தசாரதியைத் தூதராக்கினார். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தி ஒப்பந்தம் செய்தார். அமைதி காக்கும் படை சென்றது. புலிகளோடு போரிட நேர்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய ஜவான்கள் மாண்டனர். 1990 மார்ச்சில் அப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, தமிழர்களைக் கொன்ற படை என்று முதல் மந்திரி கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. உயிரைக் கொடுத்தவர்களுக்கு ஒரு மாலை இல்லாமற்போனது நமக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆயினும் அன்று தமிழ்நாட்டில் பலருடைய மனம் அப்படித்தான் இருந்தது.

அந்த மனம் ஒரே இரவில் மாறியது. 1991 மே 21-ம் தேதி இரவு, அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ராமாநுஜர் அவதரித்த ஊர் என்று உலகம் அறிந்திருந்த பெயர், அன்று முதல் வேறொன்றுக்காகவும் அறியப்பட்டது. ஜூன் மாதத் தேர்தலில் காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 லோக் சபை ஸ்தானங்களையும் வென்றது. 1992 மே மாதத்தில் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்டது. அதுவரையில் எந்த மத்திய சர்க்கார் தமிழ்நாட்டின் முகத்தைப் பார்த்துத் தயங்கியதோ, அதற்குப் பின் அத்தயக்கம் நெடுங்காலம் வேண்டியிருக்கவில்லை.

ஜனங்கள் உணர்ச்சியால் ஒன்று சொல்வார்கள், வாக்கால் வேறொன்று சொல்வார்கள் என்பதற்கும் இதே விஷயத்தில் உதாரணம் உண்டு. 2009 மே மாதத்தில் வன்னிக் கடற்கரையில் போர் முடிவை நெருங்கிய நாட்களில் தமிழ்நாடு கொந்தளித்தது. அதே வாரத்தில் நடந்த தேர்தலில், மத்திய சர்க்காரை நடத்திய காங்கிரஸும் தி.மு.க.வும் சேர்ந்த அணிக்கு 27 ஸ்தானங்களை அளித்தது. 2013 மார்ச்சில் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது, தி.மு.க. மந்திரிசபையை விட்டு விலகியது. ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. அவ்வருஷம் நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மகாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. மறு வருஷம் மார்ச்சில் மற்றொரு தீர்மானம் வந்தது. தி.மு.க. அப்போது சர்க்காரில் இல்லை. மாணவர் கிளர்ச்சியும் அடங்கியிருந்தது. இந்தியா யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது.

இனி இரண்டாவது விருந்தாளி. 2019 அக்டோபர் 11-ம் தேதி மாலை, வேஷ்டி கட்டிய பிரதம மந்திரி மோடி, ஷி ஜின்பிங்கை அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, பஞ்ச ரதங்கள், கடற்கரைக் கோயில் என்று அழைத்துச் சென்று காட்டினார், இளநீர் அளித்தார். மறுநாள் கோவளத்தில் பேச்சு வார்த்தை. மாமல்லபுரம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அடுத்த மாதக் கடைசியிலேதான் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. வாழைத் தோரணங்களைப் படத்தில் பார்த்து நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். எதிர்ப்புக் காட்டக்கூடும் என்று திபெத்திய மாணவர் சிலரை முன்னதாகவே காவலில் வைத்திருந்த செய்தி அந்தத் தோரணங்களுக்கிடையே அதிகம் கண்ணில் படவில்லை.

நான்கு வாரங்கூட ஆகியிருக்கவில்லை, நவம்பர் 4-ல் பாங்காக்கிலிருந்து வேறொரு செய்தி வந்தது. சீனம் உள்பட ஆசிய நாடுகள் பல சேரவிருந்த பெரிய வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா சேராது என்று பிரதமர் அறிவித்தார். காந்தியடிகளின் வாக்கையும் தம் மனச்சாட்சியையும் காரணமாகச் சொன்னார். அவற்றோடு கூட, வெளிநாட்டுப் பால் பவுடர் வந்து குவிந்தால் என்ன ஆவது என்று அஞ்சிய கூட்டுறவுப் பால் சங்கங்களும், சீனச் சரக்கால் நசிந்துவிடுவோம் என்ற சிறு தொழில்காரர்களும், சுதேசி இயக்கத்தினரும், எதிர்க்கட்சியினரும் பல மாதங்களாக எழுப்பிய குரலும் இருந்தது. இரண்டு மாடு வைத்திருக்கும் மதுராந்தகத்துக் குடியானவருக்குப் பாங்காக் எங்கே இருக்கிறதென்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவரைப் போன்ற லக்ஷோப லக்ஷம் பேரின் வாக்கு எங்கே விழும் என்பது டில்லிக்குத் தெரிந்திருந்தது.

2020 ஜூன் 15-ல் கல்வான் பள்ளத்தாக்கில் இருபது இந்திய வீரர்கள் உயிர் துறந்தார்கள். அவர்களில் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். ஜூன் 19-ல் சர்வகட்சிக் கூட்டத்தில், நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்று பிரதமர் கூறினார். அப்படியானால் இருபது பேர் எங்கே, எதற்காக மாண்டார்கள் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1959-ன் மௌனத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. பத்து நாளில் சீனக் கைபேசிச் செயலிகள் 59 தடைசெய்யப்பட்டன. சீனப் பொருளை வாங்கமாட்டோம் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. சில ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளை மாடியிலிருந்து எறிந்தார்கள்.

அந்தச் சபதத்தின் கதையை இல்லத்தரசிகள் நம்மைவிட நன்கு அறிவார்கள். 2023-24 கணக்கு வருஷத்தில் சீனத்திலிருந்து நாம் இறக்குமதி செய்த சரக்கின் மதிப்பு பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல். தீபாவளிக்கு மாட்டும் சரவிளக்கு முதல் மருந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய மூலப்பொருள் வரை அதில் அடக்கம். 2024 அக்டோபரில் எல்லைக் காவல் ரோந்து பற்றி உடன்பாடு ஏற்பட்டது. கஸானில் இரு தலைவர்களும் சந்தித்தார்கள். 2025 ஆகஸ்டு முடிவில் மோடி சீனத்துக்கே சென்றார். ஐந்து வருஷமாக நின்றுபோயிருந்த நேர் விமானப் போக்குவரத்து அக்டோபரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. இம்முறை தெருவில் வரவேற்புக் கோஷமும் இல்லை, எதிர்ப்புக் கோஷமும் இல்லை. பத்திரிகைகளின் உள் பக்கத்தில் விமானக் கட்டணம் எவ்வளவு என்ற விவரம் மட்டும் வந்திருந்தது.