தானியங்கி கியர்பெட்டியில் வேக உணரிகள்

வேக உணரி என்பது சுழலும் தண்டின் வேகத்தை மின்குறியாக மாற்றித் தரும் சிறு கருவி. கனரக இயந்திரங்களின் தானியங்கி கியர்பெட்டியில் எப்போது கியர் மாற வேண்டும் என்பதைக் கணினி பெரும்பாலும் இதைக் கொண்டே முடிவு செய்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், திசையன்விளை, இராதாபுரம் வட்டாரங்களில் கல்குவாரிகள் உண்டு. இத்தகைய குவாரிகளில் கல் அள்ளும் பெரிய வீல் லோடர்களில் இவ்வகைக் கியர்பெட்டியைக் காணலாம்.

உணரிக்குள் இருப்பவை ஒரு நிலைக்காந்தமும் கம்பிச்சுருளும்தான். எதிரே சுழலும் இரும்புப் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. சக்கரத்தில் 40 பற்கள் இருந்து, நொடிக்கு 1200 துடிப்புகள் வந்தால், தண்டு நொடிக்கு 30 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 1800 சுற்று சுழல்கிறது. மிக மெதுவான ஓட்டத்தில் இந்தக் குறி வலுவிழந்துவிடும். அதனால் சில இயந்திரங்களில் ஹால் விளைவு உணரிகளைப் பொருத்துகிறார்கள்.

ஓர் உணரி மட்டும் போதாது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்துள்ள அல்லிசன் நிறுவனத்தின் 3000, 4000 வரிசைக் கியர்பெட்டிகளில் மூன்று உள்ளன: எஞ்சின் வேகத்துக்கு ஒன்று, டார்க் கன்வெர்ட்டரின் டர்பைனுக்கு ஒன்று, வெளியீட்டுத் தண்டுக்கு ஒன்று. எஞ்சின் 1800, டர்பைன் 1350 எனில், இடையிலுள்ள எண்ணெயில் 450 சுற்று நழுவிப்போகிறது. இடைவெளி குறைந்ததும் கணினி லாக்-அப் கிளட்ச்சைப் பூட்டி நழுவலை நிறுத்தும். டீசல் மிச்சமாவது இங்கேதான்.

டர்பைன் வேகத்தை வெளியீட்டு வேகத்தால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். அது 2 ஆக இருக்க வேண்டிய கியரில் 2.3 என்று வந்தால், உள்ளே ஏதோ கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். ஓட்டுநருக்குத் தெரியுமுன்பே கணினி இதைக் கண்டுகொள்ளும். பாரத்துடன் சரிவில் இறங்கும்போது ஓட்டுநர் அவசரத்தில் தாழ்ந்த கியரைக் கேட்டாலும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலும் எனில் கணினி மறுத்துவிடும். வண்டி முன்னோக்கி வேகமாக ஓடும்போது ரிவர்ஸையும் தராது. இரண்டுமே வெளியீட்டு உணரியின் சொல்லை நம்பி எடுக்கும் முடிவுகள். ஆகவே அந்த உணரி பொய் சொன்னால் ஆபத்து.

உணரி கெட்டுவிட்டதாகக் கருதி மாற்றப்படும்போது, பல நேரங்களில் குற்றம் வேறிடத்தில் இருக்கும். தேய்ந்த இரும்புத்தூள் காந்த முனையில் ஒட்டிக்கொள்ளும். கனெக்டரில் ஈரமும் தூசியும் சேரும். அதிர்வில் வயர் உராய்ந்து அறுபடும். புதிய உணரி வாங்குமுன் பழையதைக் கழற்றி முனையைத் துடைத்து, சுருளின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுவது நல்லது. முனையில் தூள் மிகுதியாக இருந்தால் உணரியை விட்டுவிட்டுக் கியர்பெட்டியின் எண்ணெயைப் பார்க்க வேண்டும்.