பத்தியப் பொட்டலமும் ஆலைப் பக்குவ ஆகாரமும்

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்க் கடைகளில் இருவகைப் பொட்டல ஆகாரங்கள் விற்கப்படுகின்றன. பிஸ்கோத்து, வறுவல், சர்க்கரைப் பானம் முதலியன ஒருவகை. உடற்பருமனைக் குறைக்கவும் நீரிழிவை அடக்கவும் ஏற்றவையென விற்கப்படும் பத்தியப் பொடிகளும் கஞ்சி மாவுகளும் மற்றொருவகை. பின்னது முன்னதற்கு நேர்மாறானது என்று நம்பி, வீட்டிலுள்ள கேழ்வரகையும் பயறையும் விற்றுவிட்டு அதிக விலைக்கு அதனை வாங்குதல் நஷ்டத்துக்கு இடமாகும்.

பத்திய உணவு என்னும் பெயர், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதையே காட்டும். எவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. செய்முறையைக் கொண்டு ஆகாரங்களை வகுக்கும் முறையை 2009-ம் வருஷத்தில் பிரேஜில் தேசத்து ஸாவோ பாலோ சர்வகலாசாலை அறிஞர் கார்லோஸ் மான்டெய்ரோ வெளியிட்டார். தானியத்தினின்று மாவுச்சத்து, புரதம் முதலியவற்றைத் தனித்தனியே பிரித்து, செயற்கை மணமும் நிறமும் இனிப்பும் கூட்டி ஆலையில் ஆக்கப்படுவன இதன்படி மிகையாய்ப் பதப்படுத்திய ஆகாரங்களாகும். நெல்லைப் புழுக்கி அரைப்பதும் கேழ்வரகை மாவாக்குவதும் இதில் சேரா. பத்தியப் பொட்டலங்களிற் பல சேரும்.

அப்படியாயின் இவற்றிடையே வேற்றுமை யாது? 2019-ல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையொன்றில், 20 பேருக்கு இருவகை ஆகாரமும் இரண்டிரண்டு வாரம் வேண்டியமட்டும் அளிக்கப்பட்டன. மிகையாய்ப் பதப்படுத்தியதை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாய் உண்டு, எடையுங் கூடினர். பிரிட்டனில் 2017-ல் வெளியான பரிசோதனையிலோ, நீரிழிவுடையோர்க்கு மற்ற உணவை நிறுத்தி, நாளைக்கு 825 முதல் 853 கலோரியே தரும் பத்தியப் பொட்டலங்கள் மேற்பார்வையுடன் 3 முதல் 5 மாதம் கொடுக்கப்பட்டன. ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றியே நோய் தணியப்பெற்றனர்.

ஆகவே பயன் தந்தவை அளவும் மேற்பார்வையுமேயன்றிப் பொட்டலத்தின் பெயரன்று. மூன்றுவேளைச் சோற்றுக்கு மேலாக அப்பொடியையும் அருந்துவோர்க்கு அப்பயன் கிட்டாது.

வாங்குவோர் கவனிக்கத்தக்கவை:

1. சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்த பொருளே முதலில் அச்சிடப்படும். சர்க்கரையோ மால்டோடெக்ஸ்டிரினோ முன்னிற்பின் அப்பொட்டலத்தைத் தவிர்த்தல் நலம்.

2. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாய்த் தாழக்கூடும்.

3. வீட்டுத் தேவைக்கு வேண்டிய கேழ்வரகு, பயறு, நிலக்கடலை ஆகியவற்றை ஒதுக்கிவைத்த பின்னரே மிகுதியை விற்றல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைப்பின் பணமும் தேகநலமும் ஒருங்கே காக்கப்படும்.