ஒரு பெட்டி செய்த மாற்றம்

உலகமயமாதல் என்றவுடன் பலருக்கும் குளிர்பானமும் செல்போனும் வெளிநாட்டுத் துணிக்கடையும்தான் நினைவுக்கு வரும். ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு ஓர் இரும்புப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. நவா சேவா பக்கம் போகும் அன்பர்கள் லாரி லாரியாகப் பார்த்திருப்பீர்கள். கன்டெய்னர் என்கிறோமே, அதுதான்.

1980களின் தொடக்கத்தில் மன்மாடு ஜங்ஷனில் வேலை பார்த்தேன். அங்கே அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்தன. ஒன்றின் அகலம் 1,676 மில்லிமீட்டர்; மற்றது 1,000. இந்த 676 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக, ஒரு வேகனில் வந்த மூட்டைகளை இறக்கி, தலையில் சுமந்து, அடுத்த வேகனில் ஏற்றுவார்கள். நேரம் போகும், மூட்டை கிழியும், சரக்கு சிந்தும். ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் பல கூலிக் குடும்பங்கள் சாப்பிட்டன.

உலகத் துறைமுகங்களிலும் இதே கதைதான். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்க லாரி அதிபர் மால்கம் மெக்லீன் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆன காலம் அது. பெட்டியாக ஏற்றியதில் ஆன செலவு சுமார் 16 சென்ட்! பின்னர் 20 அடி, 40 அடி என்று பெட்டியின் நீளமும், மூலைப் பூட்டும் உலகம் முழுவதற்கும் பொதுவாயின. பெட்டியைத் திறக்காமலே கப்பல், ரயில், லாரி என்று மாற்ற முடிந்தது. திருப்பூர் பனியன் நியூயார்க் போவதும், சீனப் பொம்மை தாராவிக் கடைக்கு வருவதும் கட்டுப்படியாவது இதனால்தான்.

நம் நாட்டில் கன்டெய்னர் கார்ப்பரேஷன் 1988-ல் அமைந்தது. நவா சேவா துறைமுகம் 1989-ல் இயங்கத் தொடங்கியது. 1992-ல் நாடெங்கும் ஒரே அகலப் பாதை என்ற திட்டத்தை ரயில்வே கையில் எடுத்தது. 2021 ஜனவரியில் மேற்குச் சரக்குப் பாதையில், பெட்டிமேல் பெட்டி அடுக்கிய ஒன்றரைக் கிலோமீட்டர் நீள ரயிலை மின்சார எஞ்சின் இழுத்துச் சென்றது. பொறியாளன் என்ற முறையில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தப் பெருமையோடு ஓர் உறுத்தலும் உண்டு. தாராவியில் எனக்குத் தெரிந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். "தம்பி, ஒங்க பெட்டி வந்துச்சு, எங்க தோளுக்கு வேலை இல்லாமப் போச்சு" என்றார் ஒருநாள். என்னிடம் பதில் இல்லை.

இன்று அவர் மகன் நவா சேவாவில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கிறார். அப்பாவிடமிருந்து எடுத்ததைப் பெட்டி மகனுக்குத் திருப்பிக் கொடுத்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நடுவில் பத்து வருஷம் அந்த வீட்டைத் தாங்கியது மதினியின் இட்லி வியாபாரம். அண்ணாச்சியோடு சுமந்த எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கவில்லை. டன்னுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கில் இவையெல்லாம் சேர்வதில்லை.

இப்போது அந்த மகனுக்கும் கவலை. அவர் பார்க்கும் கணக்கைக் கணினியே பார்த்துவிடும் என்கிறார்கள். மாற்றத்தை நம்மால் நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றத்தின் நடுவில் நம் வீடுகளில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் தொழிற்பயிற்சியும் கிடைக்க நம் சங்கம் வழி செய்யலாம். மன்மாட்டில் மூட்டை சுமந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.