கல்யாணத்துக்கு வழி

கொல்லிமலையில் நடக்கும் ஒரு கல்யாணத்தின் பத்திரிகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தமிழ் வருடம், மாதம், தேதி, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம், முகூர்த்த நேரம் எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். தாத்தா, தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா பெயர்கள் வரிசையாக இறங்கும். இடம் என்ற வரிக்கு வரும்போது மட்டும் எழுத்து சிறுத்துவிடும்: 'மணமகள் இல்லம், திண்ணனூர் நாடு, கொல்லிமலை.' அவ்வளவுதான்.

நாமக்கல்லிலிருந்தோ சேலத்திலிருந்தோ வருகிற விருந்தாளிக்கு இது முழு முகவரி போலத் தெரியும். மலைக்கு வந்தால்தான் விஷயம் புரியும். இங்குள்ள ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றின் பெயர் நாடு என்றுதான் முடிகிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் திண்ணனூர் நாடும் ஒன்று. ஒவ்வொரு நாடும் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுப்பு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்த பிறகுதான் வீட்டைத் தேடும் வேலையே ஆரம்பிக்கிறது.

விருந்தாளியை அந்த வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு இரண்டு பொருள்களுடையது. ஒன்று பத்திரிகை, மற்றொன்று ரோட்டோரப் பேனர். இரண்டும் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொண்டால், எங்கே கோட்டைவிடுகிறோம் என்பதும் தெரியும்.

பத்திரிகை பெரும்பாலும் இரண்டு இடங்களில் பிறக்கிறது. பிள்ளையார் படம், பூ வேலைப்பாடு, மடிப்பு, உறை எல்லாம் சேர்ந்த வெற்றுக் கார்டு சிவகாசி போன்ற ஊர்களில் ஆஃப்செட் எந்திரத்தில் மொத்தமாக அச்சாகிறது. சென்னைக்காரர்களுக்கு இந்த வியாபாரம் என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. உள்ளூர் அச்சகம் வைத்திருப்பது மாதிரி ஆல்பம். நாம் புரட்டிப் பார்த்து எண்ணைச் சொல்ல, கார்டு வந்து சேரும். 'மேட்டர்' எனப்படும் வாசகத்தை உள்ளூரில் அடித்துக் கொடுப்பார்கள். கார்டில் தங்கம் போல மின்னுகிறதே, அதில் தங்கம் துளியும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் சுருளில் படிந்த அலுமினியத்தின் மேல் மஞ்சள் பூச்சு. சூடான உலோக அச்சு அதைக் கார்டின் மேல் அழுத்தும்போது பசை இளகி, அச்சு பட்ட இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

வாசகத்தை அடிக்கும் முறைகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஒரு சட்டத்தில் நைலான் அல்லது பாலியெஸ்டர் வலையை இழுத்துக் கட்டி, ஒளிபட்டால் கெட்டியாகும் பசையை மங்கிய வெளிச்சத்தில் பூசிக் காயவைக்கிறார்கள். வாசகம் கறுப்பாக அச்சான ஃபிலிமை அதன்மேல் ஒட்டவைத்து விளக்கொளியில் காட்டுகிறார்கள். ஒளி பட்ட இடமெல்லாம் இறுகிப்போகும். எழுத்தின் கறுப்பு மறைத்த இடத்தில் பசை இறுகாமல் இருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் அது கழுவிக்கொண்டு போய், எழுத்து வடிவில் வலையின் கண்கள் திறக்கும். பிறகு கார்டை மேஜையில் வைத்து, சட்டத்தை இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. ஒரு கார்டு முடிந்தது. அடுத்ததை அதே மூலையில், அதே தடுப்பில் முட்டவைக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்து கோணலாக ஏறும். இரண்டு நிறம் வேண்டுமென்றால் இரண்டு சட்டம், இரண்டு சுற்று.

தமிழுக்கு இங்கே ஒரு தனிச் சோதனை உண்டு. எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. மை கொஞ்சம் பரவினால் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு னகரம் போலத் தெரியும். உறவினர் பெயர்களுக்கு இடம் தேடி வாசகத்தை நெருக்கும்போது அடிவாங்குவது பெரும்பாலும் கடைசியில் இருக்கும் முகவரி வரிதான். புரூப் பார்க்கிறவர்கள் பெயர்களில் காட்டும் அக்கறையில் பாதியையாவது இந்த வரிக்குக் காட்டலாம். பெயர் விடுபட்டால் சண்டை வரும் என்பதால்தான் அந்த அக்கறை, அது வேறு விஷயம்.

இப்போது பல பத்திரிகைகளில் வரைபடத்துக்கென ஒரு கியூ.ஆர். குறியீடு வருகிறது. ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் 1994-ல் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கிய குறியீடு இது. மூன்று மூலையில் இருக்கும் பெரிய கட்டங்கள், குறியீடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமராவுக்குச் சொல்கின்றன. அதிகபட்சப் பிழைதிருத்த நிலையில் செய்தால் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்க முடியும். அதனால் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் பட்டாலும் பயமில்லை. ஆனால் சிவப்புக் கார்டில் தங்க நிறத்தில் அடித்தால் மினுமினுப்பில் கேமரா திணறும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம், இதுதான் சரி.

மலையில் வேறொரு சிக்கல். குறியீட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் ஓர் இணைய முகவரி. செல்போன் டவர் எட்டாத வளைவில் அதை ஸ்கேன் செய்து பயனில்லை. போனில் இருக்கும் ஜி.பி.எஸ். வாங்கி செயற்கைக்கோளிலிருந்து நேராகச் சமிக்ஞை பெறுகிறது, அதற்கு டவர் தேவையில்லை. டவர் தேவைப்படுவது வரைபடத்தை இறக்குவதற்குத்தான். எனவே வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும்படி பத்திரிகையில் ஒரு வரி போடலாம். எந்தச் சிற்றூர், எந்தப் பிரிவு ரோடு, பக்கத்தில் எந்தப் பள்ளி அல்லது கோயில் என்று எழுத்திலும் எழுதிவிடலாம். காரவள்ளிப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தெளிவான அடையாளம் வேறெந்தக் கல்யாண வீட்டுக்குக் கிடைக்கும்? ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம் என்பதால், எந்தப் பாதை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி பேனர். ஒரு காலத்தில் துணியில் ஓவியர் கையால் எழுதியது. 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் அந்தத் தொழிலைத் துடைத்தெறிந்துவிட்டது. பாலியெஸ்டர் நூல் வலையை நடுவில் வைத்து இருபுறமும் பி.வி.சி. படலம் ஒட்டியதுதான் ஃபிளெக்ஸ். பத்தடி அகல எந்திரத்தில் அந்தச் சுருள் மெல்ல நகர, அச்சுத்தலை இடமும் வலமும் ஓடி நீலம், மஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளை நுண்துளைகளால் தெளிக்கிறது. சூடேற்றி கரைப்பானைப் பறக்கவிடுகிறார்கள். புதுப் பேனரின் காட்டமான வாசனை அதுதான்.

படிக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்துக்குப் பத்தடி. நாலங்குல எழுத்தை நாற்பதடியில் சிரமமில்லாமல் படிக்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த நாற்பதடியை ஒன்றரை வினாடியில் கடந்துவிடும். அதற்குள் எத்தனை சொல் கண்ணில் ஏறும்? மூன்று, மிஞ்சினால் நான்கு. 'திருமணம் நடைபெறும் இடத்திற்குச் செல்லும் வழி' என்று எழுதி, மேலே தலைவர்களின் படத்தையும் போட்டால் ஒன்றும் ஏறாது. மணமக்கள் பெயர், ஒரு பெரிய அம்புக்குறி, தூரம் போதும். மஞ்சளில் கறுப்பு எழுத்து மூடுபனியிலும் ஓரளவு துலங்கும். பலகையை வளைவிலேயே வைக்கக்கூடாது. திரும்ப வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால்தான் ஓட்டுநருக்கு அவகாசம் கிடைக்கும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். பத்துக்கு எட்டு அடி பேனரின் பரப்பு ஏழரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 50 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் அதன்மேல் விழும் விசை சுமார் 90 கிலோ எடைக்குச் சமம். வேகம் 70 ஆனால் விசை இரட்டிப்பாகும். ரீப்பர் கட்டையில் ஆணி அடித்து, கம்பத்தில் கயிறு சுற்றிய பேனர் இதைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. காற்றுக்காகப் பிறை வடிவில் கிழித்துவிடும் துளைகள் ஓரளவுக்கே உதவும். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே அனுமதியின்றிக் கட்டியிருந்த ஒரு கல்யாணப் பேனர் ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண் மீது விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி, அவர் இறந்தார். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளமான மலைச்சாலையில் வைப்பதற்குப் பெரிய பேனர் உகந்ததல்ல என்பது என் கருத்து. இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஓர் அம்புப் பலகை, அனுமதி பெற்று, உறுதியாக நட்டு வைத்தால் வேலை முடிந்துவிடும்.

மணமக்களை வழியனுப்பிய கையோடு அந்தப் பலகைகளையும் எடுத்துவிடுங்கள். ஃபிளெக்ஸ் மட்காது. வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தால் அதிலுள்ள பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவையும் டையாக்சின் நச்சுகளையும் வெளிவிடும். கூரை மீதோ விறகு மீதோ போட்டு மூடிவையுங்கள், அடுப்பில் மட்டும் போடாதீர்கள்.