விரிந்தால் குளிருமா?

மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டிருப்பீர்கள். சீறி வரும் காற்றில் விரலைக் காட்டினால் சில்லென்று இருக்கும். இதைக் கொண்டு, ‘வாயு விரிந்தால் குளிரும்’ என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

1845-இல் ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல் இரண்டு செப்புக் கலங்களைக் குழாயால் இணைத்தார். ஒன்றில் அழுத்தப்பட்ட காற்று, மற்றது வெற்றிடம். இரண்டையும் நீரில் அமிழ்த்தி, இடையிலிருந்த அடைப்பைத் திறந்தார். காற்று பாய்ந்து விரிந்தது. ஆனால் நீரின் வெப்பநிலை மாறவில்லை!

ஏன்? விரிவதால் மட்டும் ஆற்றல் செலவாவதில்லை. வேலை செய்தால்தான் செலவாகும். சக்கரத்திலுள்ள காற்று வெளிக்காற்றைத் தள்ளிக்கொண்டு விரிகிறது. அதற்கான ஆற்றலைத் தன் மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்தே எடுக்கிறது. மூலக்கூறுகளின் வேகம் குறைகிறது, வெப்பநிலையும் குறைகிறது. வெற்றிடத்திலோ தள்ளுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் மிகச் சிறிய மாறுதலை நீர் மறைத்திருக்கலாம் அல்லவா? எனவே 1852-இல் ஜூலும் வில்லியம் தாம்சனும் (பின்னாளில் கெல்வின் பிரபு) நுண்துளைகள் கொண்ட அடைப்பின் வழியே காற்றைச் செலுத்தி அளந்தனர். அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு குறையும்போது வெப்பநிலை ஏறக்குறைய கால் டிகிரி குறைந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று சற்றே ஈர்க்கின்றன. விலகிச் செல்ல அந்த ஈர்ப்பை எதிர்த்து வேலை செய்யவேண்டும். அதுவே இங்கே செலவு.

ஹைட்ரஜனோ குளிர்வதற்குப் பதில் சற்றுச் சூடேறியது! அதன் மூலக்கூறுகளிடையே ஈர்ப்பு மிகக் குறைவு. அடைப்புக்குள் தள்ளப்படும்போது அது பெறும் வேலை, வெளியேறும்போது செய்யும் வேலையைவிட அதிகம். செலவை வரவு மிஞ்சிவிடுகிறது.

அந்தக் கால் டிகிரியைப் பெருக்கிக் காட்டினார் ஜெர்மானியர் கார்ல் லிண்டே. குளிர்ந்த காற்றைத் திருப்பி அனுப்பி, உள்ளே வரும் காற்றைக் குளிரச் செய்தார். சுற்றுக்குச் சுற்று குளிர் ஏறியது. 1895-இல், சுமார் −194 டிகிரி சென்டிகிரேடில், காற்று திரவமாகச் சொட்டியது!

ஹைட்ரஜனையும் இவ்வாறு குளிர்விக்கலாம். ஆனால் முதலில் அதைச் சுமார் −70 டிகிரிக்குக் கீழே கொண்டுவரவேண்டும். திரவக் காற்றின் துணையால் ஜேம்ஸ் டூவர் 1898-இல் அதைத் திரவமாக்கினார். திரவ ஹைட்ரஜனின் துணையால் ஹாலந்து நாட்டின் காமர்லிங் ஆனஸ் 1908-இல் ஹீலியத்தையும் வென்றார்.

காற்றடிக்கும்போது பம்பு சூடேறுகிறதே, அது ஏன்? வரவு செலவுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்!